காலி வீட்டுப் படிவம்

பேய்க் கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் என்று எதிர்பார்ப்பீர்கள். மன்னிக்கவும். இது பட்டப்பகலில் நடந்தது. பிற்பகல் மூன்று ஐந்துக்கு ஆரம்பித்து நான்கு முப்பதுக்கு முடிந்தது. அதாவது, அன்றைக்கு முடிந்தது.

நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று கேட்பீர்கள். நேரத்தைக் குறித்து எழுதுவதற்காகவே என்னை அந்த வீட்டில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள்.

எனக்குக் கண்ணாடிக் கடை. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்குக் கண்ணாடி. இருபத்திரண்டு வருடமாக, "இது நல்லாத் தெரியுதா, முன்னாடி வெச்சது நல்லாத் தெரிஞ்சுதா?" என்று கேட்டே பிழைப்பு நடத்தியவன். இல்லாததை இருப்பதாகப் பார்க்கிறவர்களை எங்கள் தொழிலில் டாக்டரிடம் அனுப்பிவிடுவோம். நானே அந்த வரிசையில் நிற்க வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவன் என் மச்சினன். மனைவியின் ஒரே தம்பி. கப்பல் கம்பெனி வேலையில் ஒரு வெளிநாட்டுக் கடற்கரை ஊரில் நாலு வருடம் இருந்தவன். அந்த ஊர் பாஷை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மடியில் லேப்டாப்போடு எங்கள் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, கடலைப் பார்த்த மாதிரி மூணாவது மாடி. லீவுக்குப் போய்ப் படுத்துக்கலாம். இந்த வெலைக்கு இங்க கார் நிறுத்தற எடம் கூட வராது."

"ஏன் அவ்வளவு கம்மி வெலை? கட்டடம் சாஞ்சிருக்கா?" என்றாள் என் மனைவி.

"உள்ள ஒரு பெரியவர் இருக்காருக்கா. அவர்தான் விக்கறாரு. அவர் இருக்கற வரைக்கும் அவரே அங்க இருப்பாரு. மாசாமாசம் நாம அவருக்கு ஒரு தொகை குடுக்கணும். அப்புறம் வீடு நமக்கு. அந்த ஊர்ல இது சகஜம்."

"என்ன வயசு அவருக்கு?" என்று கேட்டேன்.

"எம்பத்தொண்ணு."

மூன்று பேரும் மனசுக்குள் ஒரே கழித்தல் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

"ஒருத்தர் எப்பப் போவாருன்னு விரல் விட்டு எண்ணிக்கிட்டு வீடு வாங்கணுமாடா?" என்றாள் அவள்.

"நாம எண்ணலேன்னா வேற ஒருத்தன் எண்ணுவான்கா."

வாங்கினோம். கடையை பாங்கில் அடமானம் வைத்து வாங்கினோம்.

பெரியவரை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன், வக்கீல் ஆபீசில், பத்திரம் எழுதிய அன்று. படகுத்துறையில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி. ஒவ்வொரு பக்கத்தையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கள்ள டிக்கெட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். போகும்போது என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார்.

"நீங்களும் நல்லா இருக்கணும், நானும் இருக்கணும்கறாரு மாமா" என்று மச்சினன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தான்.

நானும் சிரித்தேன்.

அடுத்த மாதத்திலிருந்து கவர்கள் வர ஆரம்பித்தன. பெரியவருக்கான மாதத் தொகை தெரிந்ததுதான். தெரியாதவை அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. கட்டடப் பராமரிப்பு. லிஃப்ட் பழசாகிவிட்டதாம், புதுசுக்கு எங்கள் பங்கு. உப்புக் காற்றில் வெளிச்சுவர் உரிகிறதாம், அதற்கு ஒரு பங்கு. சொந்த வீடு இன்னொரு நாட்டில் இருப்பவர்களுக்கென்று தனி வரி. காப்பீடு. தண்ணீர், வெந்நீர். தலைக்கு இவ்வளவு என்று குப்பைக்கு ஒன்று. ஒரு நாள் கூடப் படுத்துத் தூங்காத வீட்டின் குப்பைக்கு நான் பணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி அந்த வீட்டுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டாள். கட்டிக் கொடுத்த பிறகும் மாதாமாதம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். தபால்காரர் தலை தெரிந்தால், "மாப்பிள்ளை கடுதாசி போட்டிருக்காரு, என்னன்னு பாருங்க" என்பாள்.

மூன்றாவது வருடம் பெரியவர் காலமானார். வக்கீல் ஆபீசிலிருந்து ஒரு தாளில் நாலு வரி. ஆஸ்பத்திரியில், தூக்கத்திலேயே போய்விட்டாராம். உறவு என்று யாரும் இல்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த மாதமும் கவர் வந்தது. அதே தொகை. கட்டட பில்லின் தலைப்பில் எப்போதும் அச்சடித்து வரும் அதே வரி. குடியிருப்போர்: ஒருவர். தண்ணீர், மூன்று யூனிட். வெந்நீர், ஒரு யூனிட்.

அதற்கடுத்த மாதமும் மூன்று யூனிட்.

அதற்கடுத்த மாதமும்.

மச்சினன் வக்கீல் ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"ஒரு சிக்கல் மாமா. பத்திரத்துல 'உயிரோட இருக்கற வரைக்கும்'னு இல்லையாம். 'வீட்டுல இருக்கற வரைக்கும்'னுதான் இருக்காம்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"நமக்கு ஒண்ணு. அவங்க பாஷையில அது வேற வார்த்தை, இது வேற வார்த்தையாம்."

பத்திரத்தின் தமிழ்ப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். காசு கொடுத்து மொழிபெயர்த்ததுதான். 'மேற்படி நபர் இருக்கும் வரை.' தப்பே இல்லாத தமிழ். நாம்தான் அப்படிப் பேசுகிறவர்கள் ஆயிற்றே. வாசலில் நின்று "அப்பா இருக்காரா?" என்றால் வீட்டில் இருக்கிறாரா என்று அர்த்தம். ரொம்ப நாள் கழித்துப் பார்த்த சிநேகிதனிடம் "அப்பா இருக்காரா?" என்றால் உயிரோடு இருக்கிறாரா என்று அர்த்தம். ஒரே வார்த்தை. நான் இரண்டாவது அர்த்தத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன். பெரியவர் முதல் அர்த்தத்தை.

"செத்துப் போனவர் எப்படிடா வீட்டுல இருப்பாரு?"

"இல்லைன்னு நீங்க நேர்ல போய்ப் பார்த்து எழுதிக் குடுக்கணுமாம். காலி வீட்டுப் படிவம்னு ஒண்ணு இருக்கு. அது வந்தாத்தான் மாசத் தொகை நிக்கும். வீட்டை விக்கறதுன்னாலும் அது வேணும்."

படிவம் ஒரே பக்கம்தான். வீட்டின் சொந்தக்காரர், அல்லது அவர் அனுப்புகிற ஆள், வீட்டுக்குள் ஒரு மணி நேரம் தனியாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணை எழுத வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் வீட்டில் யாரும் இல்லை. சரிபார்க்கும் அதிகாரி வந்து முத்திரை குத்துவார். இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது.

அவ்வளவு சுலபம்.

பாங்கில் மூன்று தவணை பாக்கி. இன்னும் இரண்டு மாதத்தில் பணம் கட்டாவிட்டால் கடையை ஏலம் விடுவதாக நோட்டீஸ் வந்துவிட்டது. வீட்டை வாங்க மச்சினன் ஒரு ஆளைப் பிடித்து வைத்திருந்தான். படிவம் கிடைத்தால் வீட்டை விற்றுக் கடையை மீட்கலாம். கிடைக்காவிட்டால் கடை போகும். இருபத்திரண்டு வருடம் போகும்.

நானும் மச்சினனும் கிளம்பினோம்.

குளிர்காலம். அந்த ஊரில் சீசன் இல்லாத சமயம். தெருவில் எல்லா ஜன்னலும் அடைத்துக் கிடந்தது. ஐஸ்கிரீம் கடைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ஐந்து மாடிக் கட்டடத்தில் ஒரு மனிதக் குரல் இல்லை. நாங்கள் பங்கு கொடுத்த புது லிஃப்ட் மட்டும் பளபளவென்று நின்றது.

மச்சினன் பூட்டைத் திறந்து கொடுத்தான். அடுத்த ஊரிலிருந்து அதிகாரியைக் காரில் கூட்டிக்கொண்டு வருவது அவன் வேலை.

"நாலரைக்கு அவரோட வந்துடறேன். இந்த ஒரு மணி நேரம் ஒண்ணுக்குக் கூடப் போகாதீங்க மாமா. குழாயைத் தொட்டீங்கன்னா அதுக்குத் தனியாப் படிவம் குடுப்பானுங்க."

"போடா."

லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. நின்றது. அப்புறம் ஒன்றும் இல்லை.

சின்ன வீடு. நுழைந்ததும் ஒரு நடை. இடது பக்கம் குளியலறை, கதவு திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். வெள்ளை டைல்ஸ், வெந்நீர் ஹீட்டர், ஒரு துண்டு. வலது பக்கம் சமையலறை. நேரே ஹால். ஜன்னலோரம் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கட்டில். பெரியவரின் சாமான்கள் எல்லாம் அப்படியே இருந்தன. சொந்தக்காரர் காலி வீட்டுப் படிவம் கொடுக்கும் வரை எதையும் எடுக்கக் கூடாதாம்.

சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் மீட்டரைப் பார்த்தேன். மணி மூன்று ஐந்து. 412.306 என்று எழுதினேன். எண்களுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்புச் சக்கரம். தண்ணீர் ஓடினால் சுற்றும். அது அசையாமல் இருந்தது.

ஹாலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

மேஜை மேல் ஒரு மூக்குக் கண்ணாடி.

கை சும்மா இருக்குமா? எடுத்துக் கையை நீட்டிப் பிடித்து, ஜன்னல் சட்டத்தைப் பார்த்தபடி மெல்ல அசைத்தேன். எங்கள் கடைப் பழக்கம். சட்டம் எதிர்ப்பக்கம் நகர்ந்தது. பிளஸ் மூன்று இருக்கும். இரண்டு வில்லையும் விரல் ரேகையாக ஒரே அழுக்கு. அழுக்குக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் துடைக்காமல் வைக்க என்னால் முடியாது, எவன் கண்ணாடியாக இருந்தாலும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துணி இருக்கும். ஊதி, பளிச்சென்று துடைத்து, கால்களை மடக்கி, மேஜையில் வைத்தேன்.

மூன்று பதினெட்டு.

எதிரே இருந்த நாற்காலியை அப்போதுதான் கவனித்தேன். அதன் மேல் விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசி. பெரியவர் போன பிறகு படிந்த எட்டு மாதத் தூசி. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு துளி தூசி இல்லை. சுத்தமாக இருந்ததால்தான் யோசிக்காமல் இதில் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்துகொண்டேன்.

மூன்று இருபத்தாறு. 'டக்' என்று ஒரு சத்தம். குளியலறைப் பக்கம். வெந்நீர் ஹீட்டர் தானாக ஆன் ஆகும் வகையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டில் கூட ஃபிரிட்ஜ் அப்படித்தான் சத்தம் போடும்.

ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் அதற்குள் சாம்பலாகிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும்.

மூன்று முப்பத்தொன்பதுக்குத் திரும்பினேன்.

கண்ணாடியின் கால்கள் விரிந்திருந்தன.

மடக்கி வைத்தேன் என்று நிச்சயமாகத் தெரியும். ஒரு நாளைக்கு ஐம்பது முறை செய்கிற காரியம் அது. எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். இடது வில்லையில், கீழ் ஓரத்தில், ஒரு கட்டை விரல் ரேகை. என் ரேகை இல்லை. என்னுடையது அகலம். இது ஒல்லி விரல்.

துடைக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டேன்.

இத்தனை நாளும் அழுக்குக் கண்ணாடியில் மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு... நானே துடைத்துக் கொடுத்து... ஹாலில் நிற்கிற என்னைத் தெளிவாகக் காட்டிவிட்டேனோ?

'சீ, பைத்தியம்' என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மூன்று நாற்பத்தெட்டு. சுவருக்குள் ஒரு சத்தம்.

ஸ்ஸ்ஸ்...

குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம். மேல் மாடியாக இருக்கும். மேல் மாடியில் யாரும் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

சமையலறைக்குப் போகவில்லை. ஒரு மணி நேரம் ஆகட்டும் என்று ஹால் விளக்கைப் போட்டுவிட்டு நின்றுகொண்டேயிருந்தேன். எந்த நாற்காலியிலும் உட்காரத் தோன்றவில்லை.

நான்கு ஐந்து.

குனிந்து மீட்டரைப் பார்த்தேன்.

412.315.

ஒன்பது லிட்டர்.

சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக. நிதானமாக.

சமையலறைக் குழாய் காய்ந்திருந்தது. மீட்டருக்குப் பக்கத்தில் பிரதான வால்வு. இரண்டு கையாலும் பிடித்துத் திருகி மூடினேன். சக்கரம் நின்றது.

சுவருக்குள் சத்தம் நிற்கவில்லை.

ஸ்ஸ்ஸ்...

நடைக்கு வந்தேன்.

குளியலறைக் கதவு மூடியிருந்தது.

கதவுக்கும் தரைக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு கோடு. உள்ளே விளக்கு எரிந்தது.

கைப்பிடியை அழுத்தினேன். அசையவில்லை. உள்பக்கம் தாழ்.

அந்த நேரத்தில் நான் செய்தது என்ன தெரியுமா? ஓடவில்லை. கத்தவில்லை. பழக்கதோஷம். யார் வீட்டு வாசலிலும் நின்று நாம் கேட்பதைக் கேட்டேன். தமிழிலேயே கேட்டேன்.

"ஐயா... இருக்கீங்களா?"

ஒரு நொடி.

இரண்டு நொடி.

உள்ளே யாரோ செருமினார்கள்.

"க்ஹும்."

பயமுறுத்துகிற சத்தம் இல்லை. உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். குளியலறைக் கதவை யாராவது தட்டினால், உள்ளே இருப்பவர் பதில் சொல்லாமல் தொண்டையைச் செருமுவாரே... ஆள் இருக்கு, கொஞ்சம் பொறு, என்று.

அந்தச் செருமல்.

மஞ்சள் கோட்டில் இரண்டு நிழல் விழுந்தது.

பாதங்கள்.

கதவுக்கு மறுபக்கம்.

மணி நான்கு பதினொன்று.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கையில் படிவம் கசங்கியிருந்தது.

நான்கு முப்பதுக்கு லிஃப்ட் திறந்தது. மச்சினன், கூடவே ஒரு குண்டான அதிகாரி.

"என்ன மாமா, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு?"

"குளிர்."

உள்ளே போனோம். குளியலறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. விளக்கு இல்லை. தரை காய்ந்திருந்தது. அதிகாரி துண்டைத் தொட்டுப் பார்த்தார். விரல்களைத் தேய்த்துக்கொண்டார். படிவத்தில் இரண்டு எண்களையும் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"ரெண்டும் வேறயா இருக்கே, கசிவா, ஆளான்னு கேக்கறாரு மாமா. கசிவுன்னா ரிப்பேர் பண்ணிட்டு அடுத்த மாசம் இன்னொரு தடவை எழுதலாம். ஆள்னா கேஸ் முடிஞ்சுது, தொகை தொடரும்."

மச்சினன் என்னையே பார்த்தான். ஆள் என்று சொன்னால் கடை போயிற்று. கசிவு என்று சொன்னால் இன்னொரு மாதம் கிடைக்கும். அதோடு, ஐம்பது வயது ஆள், மாமா முறையில் இருக்கிறவன், மச்சினனிடம் போய், "குளியலறையில் ஒருத்தர் செருமினார்" என்று எப்படிச் சொல்வது?

"கசிவு" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக மோசமான பொய் அந்த மூன்று எழுத்துதான்.

ஊருக்குத் திரும்பியும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் மச்சினன் தானே கிளம்பிவிட்டான்.

"இந்த வீட்டை உங்க தலையில கட்டினது நான். நானே போய் முடிச்சுட்டு வர்றேன். நீங்க கடையைப் பாருங்க மாமா."

போவதற்கு நான் கையெழுத்துப் போட்ட அதிகாரப் பத்திரத்தைக் கொண்டு போனான்.

அந்த வீட்டிலிருந்து போன் செய்தான். அங்கே மணி இரண்டு ஐம்பத்தெட்டு. போனில் பதிவாகியிருக்கிறது.

"பைப்காரர் பார்த்துட்டுப் போயிட்டாரு மாமா. ஒரு பொட்டுக் கசிவு இல்லையாம். அப்புறம் அன்னிக்கு எப்படி ஒம்பது லிட்டர் ஓடிச்சு?"

கடையில் ஒரு அம்மா கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"தெரியலை" என்றேன். "பாத்ரூம் பக்கம் மட்டும் போகாதே."

சிரித்தான். "ஏன் மாமா, அதுக்கும் பில் வருமா?"

அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

ராத்திரி வரை போன் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் நான் அங்கே போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். வீட்டு வாசலுக்கு உள்பக்கம் அவன் ஷூ ஜோடியாக இருந்தது. கோட்டு ஆணியில் தொங்கியது. பாஸ்போர்ட் கோட்டுப் பையில். படிவத்தில் மூன்று ஐந்துக்கு உரிய எண் அவன் கையெழுத்தில் இருந்தது. நான்கு ஐந்துக்கு உரிய கட்டம் காலி. லிஃப்ட் கேமராவில் அவன் மேலே போவது தெரிகிறது. கீழே இறங்குவது இல்லை. படிக்கட்டுக் கதவுக் கேமராவிலும் இல்லை.

மச்சினன் காணாமல் போன அன்றைக்கு நான்கு முப்பதுக்கு அந்த வீட்டு மணியை அடித்தது அதே குண்டு அதிகாரி. அவர் போலீசில் எழுதிக் கொடுத்ததை எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் படித்துக் காட்டினார். குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், பஸ் டைம் படிக்கிற மாதிரி படித்தார்.

கண்ணாடி போட்ட ஒரு ஒல்லியான பெரியவர் கதவைத் திறந்தார். சொந்தக்காரரின் ஆள் எங்கே என்று அதிகாரி கேட்டார். பெரியவர் பேசாமல் குளியலறைக் கதவைக் காட்டினார். உள்ளே விளக்கு எரிந்தது, தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதிகாரி பத்து நிமிடம் நடையில் காத்திருந்தார். ஒரு முறை கதவைத் தட்டினார். உள்ளே ஒரு ஆண் செருமினார். வயசாளியின் தொண்டை இல்லை, இளைய தொண்டை. அவருக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டது. வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் போய்விட்டார்.

போலீஸ்காரர் ஒரு உறையிலிருந்து ஐந்து போட்டோக்களை எடுத்து மேஜையில் பரப்பினார். அதிகாரிக்குக் காட்டிய அதே ஐந்து. அவர் தயங்காமல் தொட்ட போட்டோவை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

ஆஸ்பத்திரியில் பெரியவர் இறந்த பிறகு அடையாளத்துக்காக எடுத்தது.

கடை ஏலத்தில் போய்விட்டது. இப்போது இன்னொருவர் கடையில் சம்பளத்துக்குக் கண் பார்க்கிறேன். சம்பளம் வந்ததும் முதலில் போவது அந்த வீட்டுக்குத்தான். ஒன்றரை வருடமாக ஒரு தவணை தவறவில்லை.

போன வாரம் வக்கீல் ஆபீசிலிருந்து புதுப் படிவம் வந்தது. விதியை மாற்றிவிட்டார்களாம். நேரில் போக வேண்டாம், மீட்டர் பார்க்க வேண்டாம். வீட்டில் யாரும் இல்லை என்று சொந்தக்காரர் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். அதோடு எல்லாச் செலவும் நின்றுவிடும்.

பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினேன். பொய் இல்லையே, போலீஸே பார்த்துவிட்டு யாரும் இல்லை என்றுதானே எழுதியிருக்கிறது.

என் மனைவி படிவத்தை என் கைக்குக் கீழிருந்து மெல்ல உருவினாள். நாலாக மடித்தாள். கிழிக்கவில்லை, கோபப்படவில்லை. அடுப்பு மேடைக்கு அடியில் பழைய பேப்பரோடு வைத்துவிட்டு வந்தாள்.

உறவுக்காரர்கள் யாராவது பார்த்து, "தம்பி இருக்கானா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டால், "இருக்கான்" என்று சட்டென்று சொல்லிவிடுகிறாள். எந்த அர்த்தத்தில் கேட்டார்கள் என்று அவளும் கேட்பதில்லை, எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று அவர்களும் கேட்பதில்லை.

நேற்று இந்த மாதத்துக் கவர் வந்தது. அவள்தான் பிரித்தாள். மொத்தத் தொகையை அவள் பார்ப்பதே இல்லை. மேலே இருக்கிற வரியை மட்டும் விரல் வைத்துப் படிப்பாள். குடியிருப்போர்: இருவர். அப்புறம் தண்ணீர்.

"ஏழு யூனிட்" என்றாள்.

"போன மாசம் அஞ்சுதானே?"

"அங்க வெயில் ஆரம்பிச்சிருக்கும்ங்க. அவன் ரெண்டு வேளை குளிக்கறவன்."

பில்லை மடித்து, பணம் கட்டச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.